காம்பு மருந்துக்கு முன் மடித்துணி

கேள்வி: பினாங்கு சுங்கை பாக்காப் அருகே 14 கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். கறந்து முடித்ததும் எல்லாக் காம்புகளையும் அயோடின் மருந்தில் நனைத்துவிடுகிறேன். அப்படியும் மூன்று மாதங்களில் ஐந்து மாடுகளுக்கு மடிநோய் கண்டுவிட்டது. தரை கழுவும் அயோடினைக் கெட்டியாகக் கலந்து பயன்படுத்தினால் வீரியமும் கூடும், செலவும் பாதியாகும் என்கிறார் மருந்துக்கடைக்காரர். தைப்பூசத்துக்குப் பாற்குடப் பால் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், ஐயா. காம்பு நனைப்பதற்கென்றே செய்த மருந்தில் பொதுவாக 0.5 முதல் 1 விழுக்காடு அயோடினும், தோல் வறளாமல் காக்கும் கிளிசரின் போன்ற பொருளும் இருக்கும். தரை மருந்தில் அந்தக் காப்பு இல்லை; அதைக் கெட்டியாகப் பூசினால் காம்பு வெடிக்கும், வெடிப்பில் கிருமி குடியேறும். வீரியம் கூடினால் பலனும் கூடும் என்பது விற்பவரின் கணக்கு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு. கறப்பதற்கு முன் மடியை எதனால் துடைக்கிறீர்கள் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. நம் வட்டாரத் தொழுவங்களில் நான் பெரும்பாலும் காண்பது ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியும்தான். ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற தொற்றுக் கிருமிகள் பரவுவது கறப்பவரின் கை, கறவை இயந்திரம், மடித்துணி ஆகியவற்றின் வழியாகவே என்பதால், மூன்றாவது மாட்டின் நோயை நான்காவது மாட்டுக்கு நீங்களே கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள் என்று அஞ்சுகிறேன். ஒரு மாட்டுக்கு ஒரு துணி. கறவை முடிந்ததும் அத்தனையையும் கொதிநீரில் அவித்து உலர்த்துங்கள். பதினான்கு துணிகளுக்கு ஆகும் செலவு ஒரு மருந்துப் புட்டியின் விலையைத் தாண்டாது. ஆனால் துணியில் இலாபம் இல்லாததால் எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லமாட்டார். கறக்கும் முன்னும் மருந்தில் நனைப்பதானால், அதற்கென உள்ள மருந்தை முப்பது விநாடி விட்டு, பாலில் அயோடின் சேராதபடி ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும். ஈரக் காம்பைக் கறப்பது எந்த மருந்தாலும் ஈடுசெய்ய முடியாத பிழை.

கறந்தபின் நனைப்பதை நிறுத்திவிடாதீர்கள். கோப்பையில் சாணம் கலந்த மருந்து வலுவிழந்துவிடும். மிச்சத்தைப் புட்டியில் திரும்ப ஊற்றாமல் கொட்டிவிடுங்கள். காம்புத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும் என்பதால், செம்பனைப் புண்ணாக்கை அப்போது வைத்தால் மாடு படுக்காமல் நிற்கும்.

இவை புதிய தொற்றைக் குறைக்குமே தவிர, மடிக்குள் இருக்கும் நோயை ஆற்றா. அந்த ஐந்து மாடுகளையும் கடைசியில் கறந்து, ஊசிமருந்து தொடங்குமுன் ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனியே எடுத்துக் கால்நடைச் சேவைத் துறையில் பரிசோதனைக்குக் கொடுங்கள். சிகிச்சை பெறும் மாட்டின் பாலை, மருத்துவர் சொல்லும் விலக்கு நாட்கள் (பாலில் மருந்து கலந்திருக்கும் நாட்கள்) கழியும்வரை, பாற்குடத்துக்கும் தரக்கூடாது. தேவைப்பட்டால் வாக்குக் கொடுத்த அளவை இப்போதே குறைத்துச் சொல்லிவிடுங்கள்.