சிறுவர் தொலைக்காட்சி: வடசென்னைப் பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

எங்கள் கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் சென்ற மாதம் சிறுவர் தொலைக்காட்சியைப் பற்றிப் பேச்சு வந்தபோது நேரம் போதவில்லை. ஆகவே, கேள்விகளைத் தாளில் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னோம். இருபத்திரண்டு ஆண்டுகள் வண்ணாரப்பேட்டையில் ரயில் ஏறி, கடற்கரை நிலையத்தில் வண்டி மாறி, கோடம்பாக்கத்தில் இறங்கி, கார்ட்டூன்களுக்குத் தமிழ் வசனம் எழுதிப் பிழைத்தவன் என்பதால் பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே பொருளில் வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

ராயபுரம், ஓய்வுபெற்ற ஆசிரியை: ஐயா, தூர்தர்ஷன் காலத்தில் சிறுவர் நிகழ்ச்சிகள் அமைதியாக, தரமாக இருந்தன. இப்போது எந்தச் சேனலைத் திருப்பினாலும் கூச்சல். தரம் உண்மையிலேயே குறைந்துவிட்டதா, எனக்குத்தான் வயதாகிவிட்டதா?

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, டீச்சர். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 1993 ஏப்ரலில் சன் டிவி வரும்வரை தமிழ்க் குழந்தைக்கு வேறு வாசல் இல்லை. அந்நாளைய சிறுவர் நிகழ்ச்சிகளில் பாதி சலிப்பூட்டுபவை. மாற்றிப் பார்க்க வேறு சேனல் இல்லாததால் அந்தச் சலிப்பையே நாம் அமைதி என்று நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் ஒன்றை மறுக்க முடியாது. 'கண்மணிப் பூங்கா' நிகழ்ச்சியில் பாட வந்த பிள்ளை இரண்டாவது அடியை மறந்து விழித்தபோது கேமராவும் அதனோடு சேர்ந்து காத்திருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை அந்த இடைவெளியில் விட்ட அடியைத் தானே பாடி முடித்தாள். 1995 மே மாதம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்த பிறகு அளவு பெருகியது, படத்தின் அழகு பெருகியது. குழந்தைக்காகக் காத்திருக்கும் வழக்கம்தான் குறைந்துகொண்டே வந்தது. நீங்கள் கூச்சல் என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

கொருக்குப்பேட்டை, ஒரு தாய்: என் நான்கு வயது மகன் 'அம்மா, எனக்கு மிகவும் பசிக்கிறது, நாம் உடனே புறப்படலாமா?' என்று கார்ட்டூன் தமிழில் பேசுகிறான். தெருவில் கேலி செய்கிறார்கள். இது கெடுதலா?

கெடுதல் இல்லை அம்மா. பள்ளியில் சேர்ந்த ஆறே மாதத்தில் தெருத் தமிழ் அதை விழுங்கிவிடும். அந்தத் தமிழ் ஏன் அப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும் கடமை எனக்கு உண்டு, ஏனென்றால் அதை எழுதிய குற்றவாளிகளில் நானும் ஒருவன். ஜப்பானிய மொழியில் பிறந்த தொடர் ஆங்கிலத்திலோ இந்தியிலோ மாறித்தான் என் மேசைக்கு வரும். அதைக் காசிமேட்டுப் பிள்ளைக்கும் நாகர்கோவில் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கும் ஒரே குரலில் புரியவைக்க வேண்டும் என்பதால் எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு தமிழுக்குப் போய்விடுகிறோம். அதன்மேல் உதட்டசைவு. திரையில் வாய் மூடும் இடத்தில் ம, ப, வ போன்ற எழுத்து ஒன்று விழ வேண்டும். வாய் திறந்தே இருந்தால் அவை வரக்கூடாது. 'யாதனின் யாதனின் நீங்கியான்' என்று தொடங்கும் குறளைச் சொல்லிப் பாருங்கள், கடைசிவரை உதடு ஒட்டாது. பற்றைத் துறப்பதைப் பற்றிய குறள் என்பதால் அதற்கு அழகான விளக்கமும் சொல்வார்கள். எங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு நாள்தோறும் முந்நூறு வரிகளுக்கு இருந்தது. 'வாடா போலாம்' என்பது இயல்பான தமிழ்தான், ஆனால் திரையில் வாய் இன்னும் இரண்டு முறை அசைந்தால் அதை 'வாருங்கள் நண்பர்களே, போகலாம்' என்று இழுத்துத்தான் ஆக வேண்டும். அவசரத்தில் முதலில் கிடைத்த சொல்லை வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போனவர்கள் நாங்கள். நேரம் கொடுத்து எழுதவைத்த தொடர்களில் தமிழ் துள்ளியதையும் நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

வியாசர்பாடி, இரண்டு பிள்ளைகளின் தந்தை: ஷின்சானைப் பார்த்துவிட்டு எதிர்த்துப் பேசுகிறார்கள். தடை செய்யப்பட்ட தொடர் என்றும் சொல்கிறார்களே?

ஆம், 2008இல் மத்திய அரசு தடுத்தது. வெட்டுகளுடன் அடுத்த ஆண்டு திரும்பி வந்தது. அந்தக் கதை 1990இல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் காமிக்ஸ் இதழில் தொடங்கியது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அகப்பட்டுத் திண்டாடும் பெற்றோரைப் பார்த்துப் பெற்றோரே சிரிப்பதற்காக எழுதப்பட்டது அது. எதிர்த்துப் பேசும் வித்தையை நம் பிள்ளைகள் அதிலிருந்துதான் கற்றார்கள் என்று நான் நம்பவில்லை, தம்பி. எட்டு வயதுக்கு மேல் தாராளமாகப் பார்க்கட்டும், அதற்குக் கீழே என்றால் பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள்.

பெரம்பூர், கல்லூரி மாணவர்: தமிழிலேயே உருவான கார்ட்டூன் தொடர் ஏன் கண்ணில் படுவதில்லை?

பணம் ஒன்றுதான் காரணம். 2007 ஏப்ரலில் சுட்டி டிவி வந்தபோது எங்கள் தெருவில் திருவிழாதான். நாள் முழுவதும் தமிழ் பேசும் சிறுவர் சேனல் ஒன்று கைக்குக் கிடைத்தது. டோரா நம் வீட்டுப் பிள்ளையானது அதில்தான். ஆனால் மணிக்கணக்கில் நிரப்ப வேண்டிய நேரத்துக்குப் புதிதாகப் படம் வரைந்து கட்டுப்படியாகாது. அரை மணிநேர அனிமேஷனுக்கு வரைபவர், அசைப்பவர், பின்னணி தீட்டுபவர் என்று ஒரு கூட்டமே மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அதே அரை மணிநேரத்தை டப்பிங் செய்ய ஒரு வசனகர்த்தா, ஐந்தாறு குரல்கள், ஒரு சவுண்ட் இன்ஜினியர், இரண்டு நாள் போதும். இந்த வேறுபாட்டை எந்த முதலாளியும் கணக்குப் போட்டுப் பார்ப்பார். 2008இல் ஐதராபாத்தில் 'சோட்டா பீம்' பிறந்து வெற்றி பெற்றதும், 2012இல் 'மோட்டு பட்லு' வந்ததும், இந்தியாவிலேயே வரைந்தால் ஓடும் என்பது உறுதியாயிற்று; ஆனால் அவை இந்தி பேசும் பெரிய சந்தையை முதலில் வைத்து எழுதப்பட்டுப் பிறகு நம்மிடம் டப்பிங்காக வருகின்றன. ஆகவே என் பேத்திக்குச் சோட்டா பீமின் ஊரான தோலக்பூரின் சந்து பொந்தெல்லாம் தெரியும். அவள் வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, விடியற்காலையில் விசைப்படகு வந்து நிற்பதும், ஐஸ் உடைக்கும் சத்தமும், கூடையை ஏலம் விடும் குரலும் எந்தச் சிறுவர் நிகழ்ச்சியிலும் அவள் கண்டதில்லை.

தண்டையார்பேட்டை, ஒரு பாட்டி: நடுநடுவே வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேரன் கடைக்கு இழுக்கிறான். இதற்குக் கட்டுப்பாடே இல்லையா?

இருக்கிறது அம்மா. ஒரு மணிநேரத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்பது கேபிள் தொலைக்காட்சி விதி. அதில் இரண்டு நிமிடம் சேனல் தன்னைப் பற்றியே பேசிக்கொள்வதற்கு. சிப்ஸ், குளிர்பானம் போன்றவற்றைச் சிறுவர் நிகழ்ச்சிகளின் நடுவிலோ சிறுவர் சேனல்களிலோ விளம்பரம் செய்யக்கூடாது என்று 2022இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு வழிகாட்டுதல் சொல்கிறது. ஆனால் நிகழ்ச்சியே விளம்பரமாக இருந்தால் எந்த விதியும் பிடிக்காது. அமெரிக்காவில் 'ஹீ-மேன்' பொம்மை 1982இல் கடைக்கு வந்தது; தொடர் 1983இல்தான் வந்தது. பொம்மையை விற்பதற்காகக் கதை எழுதும் பழக்கம் அப்போதிருந்து நிலைத்துவிட்டது. உங்கள் பேரன் கேட்கும் பென்சில் பாக்ஸிலும் தண்ணீர் பாட்டிலிலும் யார் படம் இருக்கிறது என்று பாருங்கள்.

எண்ணூர், செவிலியர்: வேகமான கார்ட்டூன்கள் கவனக் குறைவை உண்டாக்கும் என்பது எவ்வளவு உண்மை?

2011இல் அமெரிக்காவில் நான்கு வயதுக் குழந்தைகள் அறுபது பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பிரிவு ஒன்பது நிமிடம் வேகமான 'ஸ்பாஞ்ச்பாப்' பார்த்தது, இன்னொன்று மெதுவான தொடர் பார்த்தது, மூன்றாவது படம் வரைந்தது. முடிந்த உடனே வைத்த கவனப் பயிற்சிகளில் முதல் பிரிவு பின்தங்கியது. ஆனால் அது பார்த்த கையோடு சோதித்தது. அந்தச் சோர்வு நிலைக்கிறதா என்பதை அந்த ஆய்வு அளக்கவில்லை. அச்சத்தை அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வேகத்துக்கு மாற்று என்ன என்பதுதான் எனக்கு முக்கியம். 1969இல் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற அமெரிக்கச் சிறுவர் தொடர் தொடங்கும் முன், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் படம் காட்டும் கருவி ஒன்றை வைத்து, ஏழரை நொடிக்கு ஒருமுறை வேறு படத்தைக் காட்டி, குழந்தையின் கண் எந்த நொடியில் திரையை விட்டு விலகுகிறது என்று குறித்துக்கொண்டார்கள். கண் விலகிய பகுதியைத் திருத்தினார்கள். 1996இல் வந்த 'ப்ளூஸ் க்ளூஸ்' ஒரே எபிசோடை வாரத்தில் ஐந்து நாளும் காட்டியது, கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றது. டோரா கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பாளே, அதுவும் அதே வழிதான். 'குள்ளநரி திருடக்கூடாது' என்று தெருவெல்லாம் பிள்ளைகள் கத்தியது அந்த நிறுத்தத்தால்தான்.

இங்கே என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேறொரு தொடருக்கு, பெயர் வேண்டாம், நான் வசனம் எழுதியபோது மூலத்தில் கேள்விக்குப் பின் நான்கு நொடி மௌனம் இருந்தது. சேனல் தரப்பிலிருந்து வந்தவர், 'சார், இங்க டெட் ஏர் விழுது, பையன் ரிமோட்ட எடுத்துடுவான், ஏதாவது பேசவிடுங்க' என்றார். நானும் 'சொல்லு சொல்லு, சீக்கிரம் சொல்லு, உனக்குத் தெரியும்தானே?' என்று எழுதி அந்த நான்கு நொடியையும் அடைத்தேன். குழந்தை பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். இருபத்திரண்டு ஆண்டுகளில், ஒளிபரப்பும் முன் ஓர் எபிசோடை ஒரே ஒரு குழந்தையிடம் போட்டுக்காட்டி நான் பார்த்ததில்லை.

கொடுங்கையூர், ஒரு தந்தை: மகளைத் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்கு அழைக்கிறார்கள். அனுப்பலாமா?

நாளொன்றுக்கு ஐந்து மணிநேரத்துக்கு மேல் குழந்தையை வேலை வாங்கக்கூடாது, இடைவேளையின்றி மூன்று மணிநேரத்தைத் தாண்டக்கூடாது, வருமானத்தில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குழந்தை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும் என்பது சட்டம். இவற்றை எழுத்தில் கேளுங்கள். காதல் தோல்விப் பாட்டைக் கொடுத்து அழச் சொன்னால் அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

திருவொற்றியூர், ஒரு தாய்: இப்போது யார் சார் டிவி பார்க்கிறார்கள்? எல்லாம் போனில்தான். இந்தக் கேள்விகளுக்கே இனிப் பொருள் உண்டா?

உண்டு, முன்னைவிட அதிகமாகவே உண்டு. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒரு நேரத்தில் முடிந்தது. ஆறரைக்கு முடிந்தால் பிள்ளை எழுந்து தெருவுக்குப் போய் கேரம் பலகையைச் சுற்றி நின்றது. போனில் ஒன்று முடியும் முன் அடுத்தது ஓடத் தொடங்கிவிடுகிறது, அதை நிறுத்தும் வேலை பெற்றோருக்கு வந்துவிட்டது. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், நான்கு வயதுவரை ஒரு மணிநேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் நம் அரசின் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்புவாரியாகப் பாடம் நடத்தி அது பெரிய உதவி செய்தது. பாடம் நடத்தும் ஆசிரியர்களும் கருவிகளும் அங்கே இருக்கின்றன. வாரத்துக்கு ஒரு மணிநேரம் கதைக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கி, வியாசர்பாடிக் கால்பந்துப் பிள்ளைகளையும் காசிமேட்டுப் படகையும் காட்டினால் போனில் பார்க்கவும் ஆள் இருக்கும். இதை மனுவாக எழுதி வைத்திருக்கிறேன்; கையெழுத்துப் போட விரும்புபவர்கள் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வரலாம்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஆறாம் வகுப்பு மாணவன்: கார்ட்டூனில் வரும் பையனுக்கு உண்மையில் யார் பேசுகிறார்கள்?

பெரும்பாலும் உன் அம்மா வயதுடைய ஒருவர், தம்பி. பையனைப் பேசவைத்தால் அவனுக்குப் பள்ளி இருக்கும், இரண்டு ஆண்டில் குரல் உடைந்துவிடும். எங்கள் தொடரில் குறும்புக்காரச் சிறுவனுக்குப் பேசிய அக்கா, ஒலிப்பதிவு அறைக்குள் நுழையும் முன் வளையல்களைக் கழற்றிப் பையில் போடுவார், மைக் அந்தச் சத்தத்தையும் பிடித்துவிடும் என்பதால். ஓடும் காட்சி வந்தால் நின்ற இடத்திலேயே தோளை ஆட்டி மூச்சு வாங்குவார். யாருக்காவது முத்தம் கொடுக்கும் காட்சி வந்தால் தன் புறங்கையில் கொடுத்துக்கொள்வார். மாலை ஆறு மணிக்கு வளையல்களைத் திரும்ப மாட்டிக்கொண்டு, சாதாரணக் குரலில் 'வரேன் சார்' என்று சொல்லும்போது, இவ்வளவு நேரம் பேசியது இவர்தானா என்று எனக்கே ஒவ்வொரு நாளும் சந்தேகம் வரும்.