பேட்மேன் செத்தால் முகமூடி யாருக்கு? – கேள்வி பதில்

ஞாயிற்றுக்கிழமைகளில் காந்தி வீதிச் சந்தையில் பழைய காமிக்ஸ் தேடுகிற நம் புதுச்சேரி–கடலூர் கூட்டத்தில் கொஞ்ச நாளாக ஒரே சண்டை. பேட்மேனைச் சாகடித்தால் அடுத்து அந்த முகமூடியை மாட்டிக்கொள்ள யாருக்குத் தகுதி? டீக்கடையில் கத்தித் தீராததால், கேள்வியை எழுதிக் கொடுங்கள், பதில் சொல்கிறேன் என்றேன். வந்தவற்றில் திட்டுகளை மட்டும் நீக்கிவிட்டு மீதியை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மஞ்சக்குப்பம், கல்லூரி மாணவர்: அண்ணா, பேட்மேனான புரூஸ் வெய்ன் நிஜமாகவே போய்ச் சேர்ந்தால், அவருடைய முதல் கூட்டாளி ராபினாக இருந்த டிக் கிரேசனா, டேமியனா? பெற்ற மகன் டேமியனுக்குத்தானே உரிமை?

சொத்து வழக்கு என்றால் டேமியன் பக்கம்தான் தீர்ப்பு வரும், தம்பி. முகமூடி சொத்துக் கணக்கில் வராது. என் ஓட்டு டிக்குக்கு.

இதெல்லாம் ஏற்கெனவே நடந்து பார்த்த கதைதான். 1993இல் பெய்ன் என்ற வில்லன் முதுகெலும்பை முறித்துப் போட்டபோது புரூஸ் தன் இடத்தை ஜான்-பால் வேலி என்பவரிடம் கொடுத்தார். அந்த ஆள் துணி உடையைக் கழற்றிவிட்டுக் கவசம் மாட்டினார், கையில் இரும்பு நகம் வைத்தார், காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரு கொலைகாரனைக் கண்ணெதிரே சாக விட்டார். அடுத்த வருஷமே புரூஸ் எழுந்து வந்து முகமூடியைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார். ஈவிரக்கமில்லாத பேட்மேன் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்த வாசகர்களுக்கு ‘இந்தாங்க, நீங்க கேட்டது’ என்று காட்டத்தான் அவரைக் கொண்டுவந்தார்கள் என்பது என் கணிப்பு.

அப்புறம் 2009. வில்லன் டார்க்ஸைடின் கதிர் பட்டு புரூஸ் செத்துவிட்டார் என்று எல்லோரும் நம்பினார்கள் (உண்மையில் கடந்த காலத்துக்குத் தூக்கி எறியப்பட்டிருந்தார்). டிக் பேட்மேன் ஆனார், டேமியன் ராபின் ஆனான். அதுவரை பெரியவர் உர்ரென்று இருப்பார், பையன் துள்ளுவான். இப்போது பேட்மேன் சிரிக்கிறார், ராபின் முறைக்கிறான். படிக்கப் படிக்கச் சலிக்கவில்லை. வாரிசு பழைய ஆளின் நகலாகவே இருப்பான் என்றால் பழைய ஆளைக் கொன்றிருக்கவே வேண்டாமே!

டேமியன் பேட்மேனாக வளர்ந்த ஒரு எதிர்காலத்தையும் 2007இல், பேட்மேன் 666ஆம் இதழில் காட்டிவிட்டார்கள். ஊர் முழுக்கக் கண்ணிவெடி வைத்துவிட்டு அதன் நடுவில் நின்று சண்டை போடுகிற பேட்மேன். பார்க்கப் பிரமாதம். ஆனால் அந்த ஊரில் குடியிருக்க நான் வரமாட்டேன்.

போலீஸ் கமிஷனர் கார்டன்கூட 2015இல் ஒரு இயந்திர உடைக்குள் ஏறி பேட்மேனாக இருந்தார். உடையின் தலையில் முயல் காது மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதை இத்தோடு விட்டுவிடலாம்.

வில்லியனூர், தபால் துறை ஊழியர்: 1992இல் சூப்பர்மேன் செத்தபோது ஜனங்கள் அதை உண்மை என்றே நம்பினார்களா? எதற்காகக் கொன்றார்கள்?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். அந்த நவம்பரில் கடை வாசலில் வரிசை நின்றது, தொலைக்காட்சிச் செய்தியில் வந்தது, பல லட்சம் பிரதிகள் விற்றன. காமிக்ஸே படிக்காதவர்கள் நம்பினார்கள். வாரா வாரம் படிக்கிறவர்கள், எப்போது திரும்பி வருவார் என்று பந்தயம் கட்டினார்கள்.

கொல்ல வேண்டிய நெருக்கடி வந்தது ஒரு கல்யாணத்தால். கிளார்க்குக்கும் (சூப்பர்மேனேதான்) காதலி லோயிஸுக்கும் கல்யாணம் செய்துவைக்கத்தான் கதைக்குழு கூடியது. அதே ஜோடியை வைத்துத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று தயாராகிக்கொண்டிருந்ததால், கல்யாணத்தைத் தள்ளிப் போடுங்கள் என்று மேலிடத்து உத்தரவு. ஒரு வருஷத்துக்கு யோசித்து வைத்திருந்த கதையெல்லாம் போச்சு. கூட்டத்துக்குக் கூட்டம் ‘பேசாம அவரைக் கொன்னுடலாம்’ என்று ஜோக்கடிப்பது கதைக்குழுவில் இருந்த ஜெர்ரி ஆர்ட்வேயின் வழக்கம். அந்தத் தடவை ஜோக்கே திட்டமாகிவிட்டது.

ஆனால் வேலையைச் சுத்தமாகச் செய்தார்கள், அதை மறுக்க முடியாது. கடைசி நான்கு இதழ்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டங்களை எண்ணிப் பாருங்கள். முதல் இதழில் பக்கத்துக்கு நான்கு கட்டம். அடுத்ததில் மூன்று. அதற்கடுத்ததில் இரண்டு. சாகிற இதழான 75இல் ஒரு பக்கம் முழுக்க ஒரே படம். டூம்ஸ்டே என்ற அரக்கனின் அடி விழ விழப் படம் பெரிதாகிக்கொண்டே போகும், பேச்சு குறைந்துகொண்டே வரும். கதை என்று பார்த்தால் இரண்டு பேர் தெருத்தெருவாக அடித்துக்கொள்வதுதான். பக்கத்தைப் பிரித்த விதத்தில்தான் மூச்சு வாங்குகிறது.

அதன்பின் 1993இல் நான்கு பேர் அந்த இடத்துக்கு வந்தார்கள். ‘செத்துப் பிழைத்த சூப்பர்மேன் நானேதான்’ என்று சொல்லிக்கொண்டு வந்த சைபார்க், எரடிகேட்டர் இருவர் வேஷமும் கலைந்தது. குளோனிங்கில் பிறந்த சூப்பர்பாயும், சுத்தியல் தூக்கிய ஜான் ஹென்றி அயன்ஸும் அப்படி உரிமை கொண்டாடவில்லை. அந்த இரண்டு பேருக்கும்தான் 1994இல் சொந்தமாக இதழே கிடைத்தது. அதற்குள், 1993 முடியும் முன்பே அசல் ஆளும் வந்துவிட்டார், பழைய குருடி கதவைத் திறடி.

கடலூர் ஓ.டி. (ஓல்ட் டவுன்), பெயர் வேண்டாம் என்றவர்: அந்த 75ஆம் இதழ், கறுப்பு உறை பிரிக்காமல் என்னிடம் இருக்கிறது. ஒரு லட்சம் கேட்கலாமா?

கேட்கலாம். கொடுக்கத்தான் ஆள் இருக்காது. ரத்தம் வடியும் அந்த ‘எஸ்’ போட்ட உறைக்குள் கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புப் பட்டை, கிளார்க் வேலை பார்க்கும் டெய்லி பிளானட் பத்திரிகையின் இரங்கல் செய்தி, இறுதி ஊர்வலப் படம் என்று எல்லாம் இருக்கும். பிரிக்காமல் வைத்தால் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று அமெரிக்காவில் ஆளாளுக்கு நாலைந்து வாங்கிப் பரணில் போட்டுவிட்டார்கள். எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளுக்கு என்ன விலை வரும்? இந்த மாதிரிப் பதுக்கல் வியாபாரம் சரிந்த வேகத்தில் 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது.

நம் ஊரில் இன்னொரு தொல்லை உப்புக் காற்று. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் முதலில் துருப்பிடிப்பது இதழின் நடுவில் இருக்கும் பின். அதைச் சுற்றிக் காபிக் கறை மாதிரி ஒரு வட்டம் வரும், பிறகு நடுத்தாள் தனியாகக் கழன்றுவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு, தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். தானே புயல், 2015 வெள்ளம், பெஞ்சல் என்று மூன்றையும் பார்த்த ஊர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பாகூர், பள்ளி மாணவி: வாசகர்களே ஓட்டுப் போட்டு ராபினைக் கொன்றார்களாமே, நிஜமா சார்?

நிஜம்தான் பாப்பா. 1988இல் இரண்டாவது ராபினான ஜேசன் டாட் குண்டுவெடிப்பில் மாட்டுவதோடு இதழ் முடிந்தது. பின்னட்டையில் இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்று பிழைக்கட்டும், இன்னொன்று சாகட்டும். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. வெறும் 72 ஓட்டு வித்தியாசம், நம் பஞ்சாயத்துத் தேர்தல் கெட்டது.

எந்தப் பக்கம் ஜெயித்தாலும் அச்சுக்கு அனுப்ப வேண்டுமே என்று, ஜேசன் பிழைத்துக்கொள்ளும் பக்கங்களையும் வரைந்து தயாராக வைத்திருந்தார்கள். அந்தப் பிழைத்த கதையையும் 2023இல் இதழாகவே போட்டுவிட்டார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ஜேசனை வெறுத்ததற்குக் காரணம், அவன் டிக் கிரேசனாக இல்லாததுதான். பாவம், அது அவன் குற்றமா? 2005இல் ரெட் ஹூட் என்ற புதுப் பெயரில் திரும்பி வந்த பிறகு அதே ஆளைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள்.

லாஸ்பேட்டை, குடும்பத்தலைவி: என் பையனுக்கு மைல்ஸ்தான் ஸ்பைடர்மேன். முதல் ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் யார் என்று கேட்கிறான். சண்டை போடவா, விட்டுவிடவா?

விட்டுவிடுங்கள். 2011இல், மார்வெலின் தனி உலகம் ஒன்றில், அத்தையையும் அக்கம்பக்கத்தாரையும் காப்பாற்றப் போய் பீட்டர் இறந்தார். அடுத்த சில வாரங்களில் மைல்ஸ் மொராலஸ் வந்தான். மற்ற வாரிசுகளுக்கு இல்லாத வசதி மைல்ஸுக்கு இருந்தது. அந்த உலகத்துப் பீட்டரைத் திருப்பிக் கொண்டுவர வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை, ஏனென்றால் வழக்கமான உலகத்தில் இன்னொரு பீட்டர் உயிரோடு இருந்தார். பையன் நிதானமாக வளர்ந்தான், 2018இல் திரைக்கும் வந்தான்.

நெல்லிக்குப்பம், அச்சகத் தொழிலாளி: வெளிநாட்டு ஆட்களையே பேசுகிறீர்கள். நம்ம இரும்புக்கை மாயாவி போனால் அடுத்து யார்?

வெளிநாட்டு ஆளைப் பேசாதே என்கிறீர்கள், நீங்கள் கேட்பவரும் 1962இல் லண்டனில் பிறந்தவர்தான்! ஆனால் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்ததிலிருந்து அவருக்கு சிவகாசிதான் சொந்த ஊர், அதில் நானும் உங்கள் கட்சி.

நம் சண்டைக்கு விடை உங்கள் கேள்வியில்தான் இருக்கிறது. மாயாவி என்பது ஒரு ஆள். ஆய்வுக்கூட விபத்தில் கை போய், இரும்புக்கை பொருத்தி, மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைகிறது. அதெல்லாம் லூயிஸ் கிராண்டெல் என்ற அந்த ஒருவர் உடம்பில் நடப்பது. கையைக் கழற்றி உங்களுக்கு மாட்டினால் உங்களுக்கு ஷாக்தான் அடிக்கும். அவருக்கு வாரிசு கிடையாது.

வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபாண்டம்) அப்படி இல்லை. ராணி காமிக்ஸில் இவருக்கும் மாயாவி என்று பெயர், குழப்பிக்கொள்ள வேண்டாம். 1936இல் லீ ஃபாக் உருவாக்கிய அவர் ஒரு பதவி. அப்பா சாகும்போது மகன் மண்டையோட்டின் மேல் சத்தியம் செய்து, மோதிரத்தை வாங்கி, அதே உடையைப் போடுகிறான். நாம் படித்தவர் 21ஆவது ஆள். காட்டு மக்களுக்கு அவர் சாகாதவர். சாவும் வாரிசும் முதல் நாளிலேயே கதைக்குள் இருப்பதால், அங்கே ஒருவர் செத்தால் யாரும் பதறுவதில்லை.

எந்த ஹீரோவானாலும் இதைத்தான் பார்க்க வேண்டும், ஆளா, பதவியா? கிரீன் லான்டர்ன் பதவி, மோதிரம் யார் விரலுக்கும் போகலாம். ராபின் பதவி. ஃபிளாஷ் ஆளாகத் தொடங்கிப் பதவியானவர். ஃபிளாஷாக இருந்த பாரி ஆலன் 1985இல் செத்து 2008இல்தான் திரும்பினார், இடைப்பட்ட காலத்தில் அவர் இடத்துக்கு வந்த வாலி வெஸ்ட்டை மட்டுமே ஃபிளாஷ் என்று தெரிந்த ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. சூப்பர்மேன் ஆள். பேட்மேன் ஆளா பதவியா என்பதில்தான் நமக்குள் அடிதடி. புரூஸ் தன்னை ஆள் என்று நினைக்கிறார், கோதம் நகரம் அவரைப் பதவி என்று நினைக்கிறது. நான் கோதம் பக்கம்.

முதலியார்பேட்டை: டி.வி. சீரியலில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று போடுகிற மாதிரிதானே இதுவும்?

இல்லை. சீரியலில் முகம் மாறும், மருமகள் அதே மருமகள். இங்கே மருமகளே மாறுகிறாள், புடவை மட்டும் அதே புடவை.

சினிமாவில் இந்த வித்தியாசம் ஒரு முறை வலியோடு வந்தது. 2020 ஆகஸ்டில் பிளாக் பேந்தர் என்ற அரசனாக நடித்த சாட்விக் போஸ்மன் இறந்தார். வேறு நடிகரைப் போடவில்லை. 2022இல் வந்த படத்தில் அந்த அரசனும் இறந்ததாகக் காட்டி, தங்கை ஷூரிக்கு முகமூடியைக் கொடுத்தார்கள். காமிக்ஸில் ஷூரி 2009லேயே அதைப் போட்டுப் பார்த்தவள் என்பதால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியவில்லை.

அதே ஆள் மறுபடியும்: சினிமாவில் செத்துப்போன அயர்ன்மேன்?

திரும்பி வருவாரா என்று தெரியாது. அவராக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியர் வருகிறார், டாக்டர் டூம் என்ற வில்லனாக. 2024இல் அறிவித்தார்கள். நீங்கள் சொன்ன சீரியல் ஆட்கள்கூட இவ்வளவு துணியமாட்டார்கள்.

முத்தியால்பேட்டை, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியர்: டின்டினை, அவனைப் படைத்த எர்ஜேயோடு நிறுத்திவிட்டார்கள். அந்த நாகரிகம் அமெரிக்கர்களுக்கு ஏன் இல்லை?

ஐயா, தனக்குப் பிறகு வேறு கை டின்டினை வரையக்கூடாது என்பது எர்ஜேயின் விருப்பம். 1983இல் அவர் போனதோடு சரி, பாதியில் நின்ற கதையைப் பாதியாகவே 1986இல் வெளியிட்டார்கள். ஆனால் அதே பிரெஞ்சு மொழியில் வரும் ஆஸ்டெரிக்ஸை நிறுத்தவில்லையே? அதை எழுதிய கோசினி 1977இல் இறந்தபின் ஓவியர் உடெர்ஸோ தனியாக எழுதினார், 2013 முதல் புதியவர்கள் செய்கிறார்கள். லக்கி லூக்கும் அவரைப் படைத்த மோரிஸுக்குப் பின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார். அங்கே ஆசிரியர் சாகிறார், ஹீரோ சாவதில்லை. அமெரிக்காவில் கதாபாத்திரம் கம்பெனிச் சொத்து, அதனால் ஹீரோதான் அடிக்கடி செத்துச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

தேவனாம்பட்டினம், மீன்வளத் துறை ஊழியர்: சரி, செத்தவர் செத்தவராகவே இருந்த கதை ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. ஸ்பைடர்மேனின் பென் மாமா, கேப்டன் அமெரிக்காவின் கூட்டாளி பக்கி, நாம் பார்த்த ஜேசன் மூவரும் மட்டும் திரும்பி வரமாட்டார்கள் என்று ரசிகர்கள் சொல்வார்கள். 2005ஆம் வருஷம் ஒன்றிலேயே பக்கியும் ஜேசனும் எழுந்து வந்துவிட்டார்கள், மிச்சம் மாமா மட்டும்தான். 2007இல் கேப்டன் அமெரிக்கா நீதிமன்றப் படியில் சுடப்பட்டபோது கேடயத்தை எடுத்ததும் இதே பக்கிதான், அந்தக் கதைத் தொடரை இன்றும் படிக்கலாம்.

ஆனால் நான் கைகாட்டுவது 1982இல் ஜிம் ஸ்டார்லின் எழுதி வரைந்த கேப்டன் மார்-வெல்லின் சாவு. வில்லன் கையால் சாகவில்லை. பழைய சண்டை ஒன்றில் சுவாசித்த விஷவாயுவால் புற்றுநோய். உலகத்திலேயே கெட்டிக்காரர்கள் எல்லாம் சேர்ந்தும் மருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. கட்டிலைச் சுற்றி மற்ற ஹீரோக்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறார்கள், ஸ்பைடர்மேனுக்கு அந்த அறையில் நிற்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றவர்களுக்கு அந்தப் பக்கங்கள் புரியும். கேப்டன் மார்வெல் என்ற அந்தப் பெயரை அதே வருஷம் மோனிகா ராம்போவும், 2012இல் கேரல் டான்வர்ஸும் எடுத்துக்கொண்டார்கள். பதவி நடக்கிறது, ஆள் வரவில்லை.

மஞ்சக்குப்பம் மாணவர் மறுபடியும்: அண்ணா, அந்த மார்-வெல் புத்தகத்தைக் கடன் தருவீர்களா?

மாட்டேன். வீட்டுக்கு வா, கையைக் கழுவிவிட்டு இங்கேயே உட்கார்ந்து படி. பஜ்ஜி கிடையாது.