கரண்ட் வைத்தால் ஆபரேஷன் தள்ளிப்போகுமே, டாக்டர்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்து ஆறு மாதம் விட்டுவிட்டோம். இப்போது மலக்குடலில் புற்றுநோய், ஆசனவாயிலிருந்து 7 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, வேறெங்கும் பரவவில்லை என்கிறார்கள். ஒரு டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். இன்னொருவர் ஐந்து வாரம் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைத்துவிட்டு அப்புறம்தான் ஆபரேஷன் என்கிறார். அதற்குள் கட்டி வளர்ந்துவிடாதா?
- வாசகர், தென்காசி

பதில்: அம்மாவுக்கு இடுப்புப் பகுதி எம்.ஆர்.ஐ. எடுத்தாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நுரையீரல், கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேன் சொல்லிவிடும். ஆனால் கரண்ட் தேவையா என்ற கேள்விக்கு எம்.ஆர்.ஐ. பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும்.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் பொதி, அதைப் போர்த்தி மெல்லிய சவ்வு. எம்.ஆர்.ஐ. படத்தில் கொழுப்பு வெளுப்பாகவும், சவ்வு பென்சிலால் இழுத்த கறுப்புக் கோடு போலவும் தெரியும். இந்தப் பொதியைச் சவ்வு கிழியாமல் முழுசாக எடுப்பதுதான் நல்ல ஆபரேஷன். இங்கிலாந்து சர்ஜன் பில் ஹீல்ட் 1982-ல் இந்த முறையை எழுதினார். இதைக் கைக்கொண்ட இடங்களில், அதே இடத்தில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது.

அப்படிச் செய்தும் கரண்ட் வேண்டுமா? நெதர்லாந்தில் 1,800-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் இதைப் பார்த்து 2001-ல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து நாள் கரண்ட் வைத்து ஆபரேஷன் செய்தவர்களில், இரண்டு ஆண்டுக்குள் அதே இடத்தில் நோய் திரும்பியது 2.4 சதவீதம் பேருக்கு. ஆபரேஷன் மட்டும் செய்தவர்களில் 8.2 சதவீதம். ஆனால் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் எல்லோருக்கும் கரண்ட் வைக்க வேண்டியதில்லை. வைத்தால், அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுவது, அடக்க முடியாமல் போவது போன்ற தொல்லைகள் கூடுதலாக வரலாம். அதே சமயம், இடுப்புக்கூட்டுக்குள் திரும்பி வரும் நோய் உட்கார முடியாத வலியைத் தரும். அதையும் லேசாக நினைக்க முடியாது.

கட்டி அந்தக் கறுப்புக் கோட்டை விட்டு நன்றாகத் தள்ளி இருந்து, சுற்றிலும் சந்தேகமான நெறிக்கட்டி இல்லை என்றால், நேரே ஆபரேஷனுக்குப் போகலாம். கோட்டுக்கு 1 மி.மீ. வரை நெருங்கிவிட்டால், கரண்ட் வைக்காமல் கத்தி வைக்க நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். “இப்போது ஆபரேஷன், தேவைப்பட்டால் பிறகு கரண்ட்” என்பதும் வேண்டாம். முன்னால் வைப்பதுதான் அதிகப் பலன், தொல்லையும் குறைவு.

வளர்ந்துவிடும் என்ற உங்கள் பயம் புரிகிறது. கரண்டும் கூடவே தரும் மாத்திரையும் அந்த வாரங்களில் சும்மா இருப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குக் கட்டி சுருங்குகிறது, சிலருக்கு முழுவதுமே மறைந்துவிடுகிறது. 7 செ.மீ. என்பதால் ஆசனவாயைக் காப்பாற்றவும் பெரும்பாலும் வழி உண்டு. சில மாதங்களுக்கு மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டி வரலாம், அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

எம்.ஆர்.ஐ. படத்தோடு இரண்டு டாக்டர்களிடமும் போய், “கட்டிக்கும் கோட்டுக்கும் நடுவில் எத்தனை மில்லிமீட்டர்?” என்று கேளுங்கள். அப்புறம், உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் 40 வயதாகியிருந்தால் நீங்களும் கொலோனாஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்துகொள்ள வேண்டும்.