கபயேரோஸ்: கதவுல இருக்கற வார்த்தையும் குதிரையும் (ஸ்பானிஷ் கேள்வி பதில்)

கே: டாய்லெட் கதவுல கபயேரோஸ்னு இருந்தா ஆம்பளைங்களுக்கா அண்ணா?
ப: ஆமா. பொம்பளைங்களுக்கு தாமாஸ் இல்லன்னா சென்யோராஸ். வெறும் எழுத்து மட்டும் இருந்தாதான் வம்பு. எம்-னு பாத்து 'மென்'னு நெனச்சுடாதீங்க, அது முஹேரெஸ், பொம்பளைங்க. நம்மளுது எச், ஓம்ப்ரெஸ். மாட்ரிட் வந்த மொத வாரம் ஒரு பார்ல நானே எம்முக்குள்ள நுழைஞ்சுட்டேன், கண்ணாடி முன்னாடி லிப்ஸ்டிக் போட்டுட்டிருந்த பாட்டி திரும்பிக்கூட பாக்காம "கபயேரோ..."ன்னு ஒரு இழு இழுத்தாங்க, அந்த வார்த்தை எனக்கு ஜென்மத்துக்கும் மறக்காது.

கே: நேரடி அர்த்தம் குதிரைக்காரன்தானே?
ப: வேர் அதான். கபயோன்னா குதிரை. லத்தீன் பேச்சுவழக்குல சாதா வேலைக்குதிரைக்கு கபாலஸ்னு பேரு, அங்கேருந்து வந்தது. பிரெஞ்சு ஷெவாலியேவும் அதே வம்சம். குதிரைக்குத் தீனி போட்டு ஆயுதத்தோட சண்டைக்குப் போக காசு வேணும்ல, அதனால வீரன், பிரபுன்னு ஏறி கடைசில குதிரையே இல்லாத டீசன்டான ஆளுன்னு வந்து நின்னுடுச்சு. சும்மா குதிரை ஓட்டுறவன் இப்போ ஹினெத்தே.

கே: கபயேரோ கார்சியான்னு கூப்பிடலாமா?
ப: வேணாம். பேரோட சேத்தா சென்யோர். கபயேரோ தனியாத்தான், பேர் தெரியாத ஆள கடைக்காரர் கூப்பிடுற மாதிரி.

கே: கபல்லேரோவா கபயேரோவா?
ப: ய. ப்யூனஸ் அயர்ஸ்ல ஷ. கபெயோன்னு சொல்லிடாதீங்க, அது முடி.

கே: இதால்கோவும் இதுவும் ஒண்ணுதானே, ரெண்டும் பிரபு.
ப: இல்லவே இல்ல. இதால்கோ பொறப்பால வர்றது, கடைசிப் படி பிரபு, வரி கெடையாது, ஆனா நெறைய பேருக்கு கைல காசும் கெடையாது. கபயேரோ அதுக்கு மேல. டான் கிஹோத்தேன்னு (இங்கிலீஷ்ல டான் குவிக்சாட்) ஒரு நாவல், தன்னை வீரனா நெனச்சுக்கிட்டு கெளம்புற ஒரு இதால்கோவோட கதை. அதோட 1605 அட்டைல 'இதால்கோ', 1615 ரெண்டாம் பாகத்துல 'கபயேரோ'ன்னு இருக்கும்.

கே (அதே ஆள்): அட்டை பதிப்பாளர் வேலையா இருக்கும். நான் ஒத்துக்கமாட்டேன்.
ப: சரி அட்டைய விடுங்க, உள்ள டான் கிஹோத்தேகிட்ட அவரோட எடுபிடி சாஞ்சோ வந்து சொல்றானே, அவரு நாலு திராட்சைக்கொடியும் ரெண்டு ஏர் நெலமும் வச்சுக்கிட்டு, முன்னாடி ஒரு கந்தல் பின்னாடி ஒரு கந்தலோட, பேருக்கு முன்னாடி 'டான்' போட்டு கபயேரோ ஆயிட்டாருன்னு ஊர் இதால்கோங்க பொருமுறாங்கன்னு, அதுவும் பதிப்பாளர் எழுதினதா? ரெண்டும் ஒண்ணுன்னா எதுக்குய்யா பொருமல்? இத்தனைக்கும் அவருக்கு கபயேரோ பட்டம் கட்டுனதே ஒரு சத்திரக்காரன்!

கே: கதவுல சி இருந்தா?
ப: கபயேரோஸ், போங்க. ஆனா குழாய்ல சி இருந்தா காலியெந்தே, சுடுதண்ணி. கோல்டுன்னு திருப்பி கைய வேகவச்சுக்காதீங்க.

கே: எம் கதவு ஆம்பளைங்களுக்குதானே?
ப: மேல படிங்க தம்பி. பாட்டி இன்னும் உள்ளதான் இருக்காங்க.