மிதித்து ஓட்டும் கயாக்: வாங்குமுன் சேற்றைப் பாருங்கள்

கப்பல் இயந்திர அறையில் பணியாற்றி ஓய்வுபெற்று மும்பை முலுண்டில் வசிக்கும் நம் பத்தியாளர், இந்த இதழில் கயாக் என்னும் சிறு மீன்பிடிப் படகு பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

காலால் மிதித்து ஓட்டும் கயாக் ஒன்று வாங்கிக் கடலில் தூண்டில் போட ஆசை. ராவஸ், கொடுவா கிடைத்தால் போதும். செட்டை வைத்தது நல்லதா, புரொப்பெல்லர் வைத்ததா? 12 அடியா, 14 அடியா? மூன்றாவது மாடியில் வீடு, சின்னக் கார் இருக்கிறது. மாகுல் பக்கம் படகை இறக்கலாம் என்று எண்ணம்.
*வாசகர், செம்பூர்*

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், தம்பி. மாகுல் வேண்டாம். அந்தப் பக்கம் பிர் பாவ் எண்ணெய்த்துறை, எதிரே புட்சர் தீவு எண்ணெய் முனையம், அருகிலேயே டிராம்பே அணு ஆராய்ச்சி மையம். அங்கே தூண்டிலோடு மிதக்கிறவரைக் காவல் படகு விசாரிக்காமல் விடாது. விடவும் கூடாது. மார்வே, மனோரிக் கழிமுகத்தைப் பாருங்கள். அங்கேயும் கடற்படைத் தளம் ஒன்று உண்டு. ஆகவே எங்கே இறக்கலாம், எதுவரை போகலாம் என்பதை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு கோலி மீனவர்கள் குடியிருக்கும் கோலிவாடாவில் வயதான மீனவர் ஒருவரைப் பிடித்து ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். எந்தக் கடையிலும் கிடைக்காத தகவல் அவரிடம் கிடைக்கும்.

அவரிடம் முதலில் ஓதத்தைப் பற்றிக் கேளுங்கள். தூத்துக்குடியில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நான்கு மீட்டருக்கு மேல்கூட வித்தியாசம் வரும். அவ்வளவு தண்ணீரும் ஆறு மணி நேரத்தில் வெளியேற வேண்டும். கழிமுகத்தின் குறுகிய வாயில் அது ஓடுகிற வேகத்தை எதிர்த்து, மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் போகும் கயாக்கை மிதித்தால் கால் வலிக்கும், கரை நகராது. தாமதமாகத் திரும்பினாலோ, காலையில் படகை இறக்கிய இடத்தில் தண்ணீருக்குப் பதில் முழங்கால் அளவு சேறு காத்திருக்கும். சதுப்பு நிலக் கரைகளில் வற்றத்தின்போது தண்ணீர் பல நூறு மீட்டர் உள்வாங்கிவிடும். எனவே ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் அலாரம் வைக்க வேண்டும்.

இனி செட்டையா, புரொப்பெல்லரா என்பது. ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிராஜ் டிரைவ் என்ற மிதி அமைப்பில், படகின் அடியில் இரண்டு செட்டைகள் இடமும் வலமுமாக வீசும். கால்கள் வட்டமடிப்பதில்லை, ஒன்று மாற்றி ஒன்று முன்னே உதைக்கும். புரொப்பெல்லர் வகையில் சைக்கிளைப் போல வட்டமாக மிதிக்க வேண்டும். பின்னோக்கி மிதித்தால் படகு உடனே பின்வாங்கும். பெரிய மீன் ஒன்று கடலில் நட்ட வலைக்கம்பை நோக்கி இழுத்துக்கொண்டு ஓடும்போது இதன் அருமை தெரியும். பழைய செட்டை மாடல்களுக்குப் பின்னால் போகத் தெரியாது. பிற்காலத்தில் வந்த மாடல்களில் ஒரு கயிற்றை இழுத்துத் திசை மாற்றலாம்.

ஆழமான, தெளிந்த தண்ணீர் என்றால் புரொப்பெல்லரையே சொல்வேன். நம் கழிமுகம் அப்படியா? போன மாதம் மனோரியில் ஒருவர் தம் புரொப்பெல்லரைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தண்டைச் சுற்றி ஒரு பால் கவர், அதன்மேல் பச்சை நைலான் வலை இழை, அதன்மேல் இன்னொரு கவர். எல்லாம் சேர்ந்து கயிறாக முறுக்கி, உள்ளே ஆயில் சீலின் உதடு வரை இறங்கியிருந்தது. கத்தியால் கீறித்தான் எடுத்தோம். சீல் வெட்டுப்பட்டால் கியர் பெட்டிக்குள் உப்புத்தண்ணீர் போகும், அத்தோடு கதை முடிந்தது. செட்டையிலும் குப்பை சிக்கும், ஆனால் இரண்டு உதை உதைத்தால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் செட்டைகளைப் படகின் வயிற்றோடு ஒட்டி மடக்கியும் வைக்கலாம். உங்களுக்குச் செட்டைதான்.

நீளத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது, உங்கள் முதுகு தீர்மானிக்கும். ஹோபியின் புரோ ஆங்லர் 14 என்ற மாடல் 38 அங்குல அகலம். எழுந்து நின்றுகூடத் தூண்டில் வீசலாம். ஆனால் எல்லாம் பூட்டினால் 60 கிலோவுக்கு மேல். அவர்களுடைய 12 அடி 9 அங்குல அவுட்பேக் மாடலே 45 கிலோவைத் தாண்டும். உங்கள் காரின் கையேட்டில் கூரை தாங்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள், சின்னக் கார்களில் அது பல நேரம் 50 கிலோ அளவில்தான் இருக்கும். மாடிப்படித் திருப்பத்தில் 12 அடிப் படகு திரும்பாது. லிஃப்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கீழே வைக்கக் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் அனுமதியை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். தூண்டில் செருக எத்தனை துளை, கோப்பை வைக்க எத்தனை குழி என்று விளம்பரம் அடுக்குவதையெல்லாம் தள்ளிவிடுங்கள். சேற்றில் தனியாக இழுத்து வர முடிகிற 12 அடிப் படகுதான் உங்களுக்கு ஏற்றது. கூடவே சக்கர வண்டி வாங்குங்கள், பருத்த பலூன் டயர் வைத்ததாக. மெல்லிய டயர் சேற்றில் புதைந்துவிடும்.

கையால் போடும் துடுப்பு ஒன்றும் எப்போதும் படகில் இருக்கட்டும்.

உட்காரும் இடத்தில் ஓட்டை வைத்த படகை எந்தப் புத்திசாலி செய்தான்? கடல் தண்ணீர் உள்ளே வராதா? உப்பில் துருப்பிடிக்காதா?
*வாசகர், தானே*

கோபம் நியாயம்தான். ஆனால் கட்டுமரத்தை நினைத்துப் பாருங்கள், அலை ஏறினால் மர இடுக்கு வழியே இறங்கிப் போகிறது. இதுவும் அப்படியே. மிதப்பைத் தருவது அடைபட்ட கூடு, ஓட்டை வெறும் வடிகால். நீங்கள் பயப்பட வேண்டியது அந்தக் கூட்டின் மூடிக்குத்தான். ரப்பர் வெடித்திருந்தால் தண்ணீர் சத்தமில்லாமல் உள்ளே சேரும்.

கூடு பாலிஎதிலீன், துருப்பிடிக்காது. வெயில்தான் அதன் எதிரி, நிழலில் வையுங்கள். போல்ட், நட்டு எல்லாம் 316 தர எவர்சில்வராக இருக்க வேண்டும். அதில் உள்ள மாலிப்டினம் உப்பைத் தாங்கும். 304 கடலில் பழுப்புப் புள்ளி விழுந்து அரிக்கும். காந்தம் ஒட்டவில்லை என்று கடைக்காரர் காட்டினால் நம்பாதீர்கள், 304-உம் சாதாரணமாக ஒட்டாது. அலுமினியத்தில் எவர்சில்வர் திருகு முடுக்கிய இடத்தில் உப்புநீர் பட்டால் அலுமினியம் வெள்ளை மாவாகப் பூக்கும். திருகை முடுக்கும்போதே கிரீஸ் தடவுங்கள். வீடு திரும்பியதும் டிரைவை வெளியே எடுத்து நல்ல தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, பெடலைச் சுற்றிவிடுங்கள். மேலே குழாய்த் தண்ணீர் அடிப்பது கண்துடைப்பு, உப்பு இருப்பது பேரிங்குக்குள்.

என் கணவருக்கு 52 வயது. நீச்சல் அரைகுறை. அகலமான கயாக் கவிழாது என்கிறார்.
*வாசகி, முலுண்ட்*

கவிழும், அம்மா. அகலமான படகு தாமதமாகக் கவிழும், அவ்வளவுதான். கவிழ்ந்ததை நிமிர்த்தி ஏறுவதும் கடினம். முதலில் நீச்சல். பிறகு இடுப்பளவு தண்ணீரில், நண்பர் ஒருவர் பக்கத்தில் நிற்க, வேண்டுமென்றே கவிழ்த்துத் திரும்ப ஏறிப் பழகட்டும். ஏற முடியாதவரைக் கடலுக்கு அனுப்பாதீர்கள். லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குப் பின்னால் அல்ல.

குளிர்காலக் காலைகளில் தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும். போகும்போது சுகமாகத் தள்ளிவிடும், திரும்பும்போதுதான் அதன் குணம் தெரியும். மதியத்துக்கு மேல் மேற்குக் காற்றான கச்சான் எழும்பி அலையைக் கிளப்பும். அதற்குள் கரையேறிவிட வேண்டும். டோல் என்னும் பை வலை கட்டிய கம்புகளின் மேல்நீரோட்டப் பக்கம் போகவே கூடாது. ஓட்டத்தை வாங்கத்தான் அந்த வலையின் வாய் திறந்திருக்கிறது, படகையும் அங்கேதான் கொண்டு சேர்க்கும். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணை அவர் போனிலும் உங்கள் போனிலும் பதிந்துவையுங்கள். எத்தனை மணிக்குத் திரும்புவார் என்பது அவரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

ஜூன், ஜூலையில் போகலாமா? என்னுடையதில் இயந்திரம் இல்லையே?
*வாசகர், அந்தேரி*

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் நடக்கும் மீன்பிடித் தடை இயந்திரப் படகுகளுக்கு என்பது சரிதான். அலைக்கு அந்த விதி தெரியாதே! கோலி மக்களே ஆகஸ்ட் வாக்கில் வரும் நாரளி பௌர்ணமிக்குக் கடலுக்குத் தேங்காய் விட்ட பிறகுதான் புதிய பருவத்தைத் தொடங்குகிறார்கள். அதுவரை ரீலைப் பிரித்து எண்ணெய் போடுங்கள், மூடி ரப்பரை மாற்றுங்கள்.