பச்சைக் களிம்பும் மூணு சாண் ஒயரும்: வாசகர் கேள்வி, பதில்

சொந்த ஊர் பாம்பன், பிழைப்பு சிங்கப்பூரில், 14 வருஷமாக. வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊருக்கு வரும்போது பெட்டியில் துணியைவிட ஒயரும் சார்ஜரும்தான் அதிகம் இருக்கும். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நம்ம கடற்கரையிலிருந்தே வந்திருக்கின்றன, அதனால் பதிலும் உப்பு வாடையோடுதான் இருக்கும்.

தம்பி, மகன் துபாயிலிருந்து போன் கொண்டுவந்து கொடுத்தான். ஐபி68, தண்ணிக்குள்ளே விழுந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னான். வருஷம் முடியலை, சார்ஜ் ஏறமாட்டேங்குது. கடையில் போர்டு போச்சுங்கிறாங்க. உண்மையா? (கீழக்கரை வாசகி)

லாத்தா, காசைக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். அந்த போனில் ஒயர் இல்லாமல் சார்ஜ் ஏறும் வசதி இருந்தால், யாரிடமாவது அந்தத் தட்டை வாங்கி அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஏறினால் போர்டு பிழைத்திருக்கிறது, சார்ஜ் குத்தும் வாய் மட்டும்தான் கெட்டிருக்கிறது. நிறைய போன்களில் அந்த வாய் தனியாகக் கழற்றி மாற்றுகிற சின்னத் துண்டுதான்.

ஐபி68 என்பது நல்ல தண்ணீரில் போட்டுச் சோதித்த கணக்கு. கடல் அதில் சேர்த்தியில்லை, கடற்காற்றும் சேர்த்தியில்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராகிவிடும். உப்பு ஜாடி கசியுமே, அதேதான் போனின் வாய்க்குள்ளும் நடக்கிறது. அதில் போய் நாம் சார்ஜரைக் குத்தினால் மின்சாரமும் சேர்ந்துகொண்டு முலாமை அரித்து, அடியிலிருக்கும் செம்பைப் பச்சைக் களிம்பாக்கிவிடுகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள், நடுவிலுள்ள மெல்லிய நாக்கின் ஓரத்தில் பாசி மாதிரி தெரியும். காரைக்குடி செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள், உலோகம் எப்படி அரிக்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபம் முகாமில் ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள் என்றால் நம்ம காற்றின் மகிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்ய, போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியை இன்னும் மெல்லிசாகச் சீவி, சர்வீஸ் கடையில் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) என்று கேட்டால் தரும் ஸ்பிரிட்டில் தொட்டு, நாக்கின் ரெண்டு பக்கமும் மெதுவாகத் தேயுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். கைக்குப் போடும் சானிடைசரும் வேண்டாம், அதில் பசை இருக்கும். ஒரு ராத்திரி ஃபேன் காற்றில் கிடக்கட்டும். அரிசிக்குள் புதைக்காதீர்கள், தூசியும் மாவும் உள்ளே போகும் என்று ஆப்பிள்காரர்களே 2024-ல் சொல்லிவிட்டார்கள்.

நேராகக் கடலிலேயே விழுந்துவிட்டால், உடனே அணைத்துவிட்டு முதலில் நல்ல தண்ணீரில் அலசவேண்டும். கேட்க வயிறு கலங்கும், ஆனால் உப்பு உள்ளே காய்ந்தால்தான் ஆபத்து. நான் காரங்காடு அலையாத்திக் காட்டில் கயாக் ஓட்டப்போய்க் கவிழ்ந்தபோது போனைத் துடைத்துப் பையில் போட்டதோடு சரி, அலசவில்லை. நாலாம் நாள் செத்தது.

அண்ணே, கல்யாண வீடியோ எடுக்கிறேன். அடுத்த தடவை வரும்போது சிங்கப்பூரிலிருந்து ஒரு ட்ரோன் கொண்டுவர முடியுமா? காசு முன்னாடியே அனுப்பிடுறேன். (தங்கச்சிமடம் வாசகர்)

முடியாது தம்பி. வெளிநாட்டு ட்ரோனை உள்ளே கொண்டுவர 2022 பிப்ரவரியில் தடை போட்டார்கள். உதிரிப் பாகங்களுக்கு விதி வேறு, முழு ட்ரோனுக்கு வழியில்லை. இது தெரியாமல், 249 கிராம்தானே, 250-க்குக் கீழே சலுகை என்று எங்கோ படித்ததை நம்பி நானும் ஒன்றைப் பெட்டியில் வைத்து வந்தேன். அந்தச் சலுகை பறக்கவிடுவதற்கான விதியில் உள்ளது, கொண்டுவருவதற்கு அல்ல என்பதைச் சுங்க அதிகாரி பொறுமையாக மூணு தடவை விளக்கினார். நான் மறைக்காமல் எழுதிக் கொடுத்திருந்ததால் பிடித்துவைத்து ரசீது கொடுத்தார், திரும்பிப் போகும்போது வாங்கிக்கொண்டு போனேன். வெளியே காத்திருந்த மச்சான் அதற்குள் ரெண்டு தடவை டீ குடித்துவிட்டான்.

இங்கேயே தயாரானதை வாங்குங்கள். வாங்கினாலும் உச்சிப்புளியில் கடற்படை விமானதளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை, எனவே ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறம் போட்டுக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் கல்யாண மண்டபம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் வாங்காதீர்கள்.

கடலுக்குப் போகும்போது போன் ஜிபிஎஸ்ஸையே வைச்சு ஓட்டலாமா, தனி மிஷின் வேணுமா? டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாதுங்கிறான் என் தம்பி. (பாம்பன் வாசகர்)

உங்கள் தம்பி சொல்வது பாதிதான் சரி. இடத்தைக் கண்டுபிடிக்க டவர் வேண்டாம், செயற்கைக்கோள் சிக்னல் போதும். வரைபடத்துக்குத்தான் இன்டர்நெட், அதைக் கரையிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் போன் நடுக்கடலிலும் காட்டும். ஆனால் ஈரக்கையால் தொட்டால் ஸ்க்ரீன் அதன் இஷ்டத்துக்கு ஓடும், மத்தியான வெயிலில் ஒன்றும் தெரியாது. பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கிற இடத்தைக் குறித்துவைத்து அதே இடத்துக்குத் திரும்பிப் போகவேண்டுமென்றால் பட்டன் வைத்த தனி மிஷின்தான் கைக்கு அடங்கும். போன் துணைக்கு இருக்கட்டும். எல்லைக்கோடு பக்கத்திலேயே இருக்கிற கடல் இது, ஒரே கருவியை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

இன்னொன்று. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் சேட்டிலைட் போனோ, சேட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் குட்டிக் கருவியோ வாங்கித் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள். அனுமதி இல்லாமல் அதை இங்கே வைத்திருந்தாலே வழக்குதான்.

தனுஷ்கோடி போனால் போனில் 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று வருகிறதே? (மதுரை வாசகி)

இலங்கையின் தலைமன்னார் அங்கிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர்தான், அந்தப் பக்கத்து டவரை போன் பிடித்துவிடுகிறது. ராமேஸ்வரம் தாண்டும்போதே டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, நெட்வொர்க்கைத் தானாகத் தேடவிடாமல் உங்கள் கம்பெனியையே கையால் தேர்ந்தெடுத்து வையுங்கள். கடிகாரம் மாறாது, ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம்.

சிங்கப்பூர் மிக்ஸி, அமெரிக்கா ரைஸ் குக்கர் ரெண்டும் கிடக்கிறது. நம்ம வீட்டில் போடலாமா? (தொண்டி வாசகர்)

சிங்கப்பூரிலும் 230 வோல்ட்தான். சதுரக் கால் பிளக்கை வெட்டிவிட்டு எலக்ட்ரீசியனை விட்டு நம்ம ஊர் மூணு பின்னை மாட்டுங்கள், ஆடுகிற அடாப்டர் வேண்டாம். அமெரிக்கா குக்கரின் அடியில் 120 வோல்ட் என்று மட்டும் போட்டிருந்தால் சொருகவே சொருகாதீர்கள், சோறு வேகுமுன் குக்கர் வெந்துவிடும்.

எப்பவும் கேட்ஜெட்டுதானா? அங்கே ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க? (ராமநாதபுரம் வாசகர்)

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு உபின் தீவுக்குப் போவேன். சாங்கி முனையிலிருந்து மரப்படகு, 12 பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்கள். அவ்வளவு கறாரான ஊரில் நம்ம ஷேர் ஆட்டோ மாதிரி ஆள் சேரக் காத்திருக்கும் வண்டி அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து, அதற்காகவே போகலாம். அங்கேயும் உப்புத்தான், திரும்பி வந்ததும் செயினைக் கழுவி எண்ணெய் விட்டால்தான் அடுத்த வாரம் சுற்றும்.

வயசான அப்பாவுக்குப் பொழுதுபோக ஒரு கேட்ஜெட் சொல்லுங்க, ஆயிரக்கணக்கில் செலவு இல்லாமல். (ஏர்வாடி வாசகி)

ரேடியோ. சிரிக்காதீர்கள். எங்கள் அப்பாவுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன், அது இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் கையில்தான் இருக்கிறது. கையடக்க எஃப்எம் ரேடியோ ஒன்று வாங்கி, மொட்டைமாடியில் ஏரியல் கட்டிக் கொடுத்தேன், மனிதர் ராத்திரி சாப்பாட்டையே மாடிக்கு மாற்றிவிட்டார்.

ஏரியலுக்குப் பெரிய வித்தை கிடையாது. எஃப்எம் அலையின் நீளம் சுமார் மூணு மீட்டர், அதில் பாதி நீளத்துக்கு ஒயர் இருந்தால் நன்றாகப் பிடிக்கும். நடுவில் வெட்டினால் ஒவ்வொரு கையும் 73 சென்டிமீட்டர் வரும். நான் டேப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அப்பா "மூணு சாணும் நாலு விரக்கடையுமா?" என்று அளந்து வெட்டிவிட்டார், டேப் வைத்துப் பார்த்தால் ரெண்டு சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ரெண்டு கையையும் ஒரே நேர்கோட்டில் விரித்துக் கட்டி, நடுவிலிருந்து கேபிளை இறக்கி ரேடியோவில் சேர்க்கவேண்டும். ஸ்டேஷன் இருக்கும் திசைக்குக் குறுக்காக ஒயர் ஓடவேண்டும் என்பதுதான் முக்கியம். எங்களுக்கு இலங்கை கிழக்கே, அதனால் தெற்கு வடக்காகக் கட்டினோம். முனைகளை வெறும் செம்பாக விடாமல் கொஞ்சம் மெழுகு உருக்கி மூடிவிடுங்கள், இல்லையென்றால் பழைய களிம்புக் கதைதான்.

பாம்பனின் கடல் ஓசை எஃப்எம் 90.4 ஒயரே இல்லாமல் வரும். ஒயர் போட்ட பிறகு இலங்கைத் தமிழ் எஃப்எம்கள் பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி வருகின்றன. சித்திரை, வைகாசியில் காற்று விழுந்த ராத்திரிகளில் கடலுக்கு மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல நிற்கும்போது அலைகள் வளைந்து வந்து, மற்ற நாளில் கேட்காத தூரத்து ஸ்டேஷன்களும் விழும். எந்த ராத்திரி விழும் என்பதை என் வானிலை ஆப்பைவிட அப்பா சரியாகச் சொல்கிறார். "கச்சான் காத்து நின்னுபோச்சு, இன்னைக்கு நிறைய வரும்" என்பார், வரும். சிங்கப்பூரில் அங்கத்துத் தமிழ் ரேடியோ ஒலி 96.8 கேட்கும்போது நான் போன் போட்டால் இவர் தன் ரேடியோவை போனில் காட்டி எதில் இரைச்சல் குறைவு என்று போட்டிக்கு நிற்கிறார்.

ஒயரைக் கொடிக்கயிற்றுக்குப் பக்கத்தில் மட்டும் கட்டாதீர்கள். அம்மா முதல் வாரத்திலேயே அதிலும் துணி காயப்போட ஆரம்பித்துவிட்டார், இப்போது ஈரச் சேலை கிடக்கும்போதெல்லாம் யாழ்ப்பாணச் செய்தி கொஞ்சம் இரைகிறது.