தட்டுவடையை எப்போது அடுக்குவது? செயலி வேகம் பற்றிய கேள்வி பதில்

போன ஞாயிறு மாலை சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் அலுவலக மாடியில் சின்னக் கூட்டம். கடைக்காரர்கள், விடுதிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள். பயனர் பட்டனை அழுத்துவதற்கு முன்பே பதிலைத் தயாரித்து வைத்துச் செயலியின் தாமதத்தைக் குறைக்க முடியுமா என்பதே பேச்சு. பல வருடமாக இதே வேலையில் இருப்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு வியாபாரி: தம்பி, எங்கள் செயலியில் ஒரு டிசைனைத் தொட்டால் இரண்டு விநாடி வெள்ளைத் திரைதான் தெரிகிறது. எல்லா டிசைனையும் முன்பே இறக்கி வைத்துவிடலாமா?

வேண்டாம் அண்ணா. பக்கத்துக்கு 12 டிசைன் என்றால் வாங்குபவர் தொடப்போவது ஒன்று. மற்ற 11 வீண். சுமை மட்டும் 12 மடங்கு. நம் ஊரில் மாலையில் தட்டுவடை செட் போடுகிறவரைக் கவனித்திருப்பீர்கள். காரட்டும் பீட்ரூட்டும் துருவி, வெங்காயம் நறுக்கி, சட்னிகளைக் கரண்டியோடு கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பார். ஆனால் சட்னி தடவி அடுக்கி வைக்க மாட்டார். நமத்துப்போகும், காரம் குறைவாகக் கேட்கிறவருக்கு அதைக் கொடுக்கவும் முடியாது. யார் கேட்டாலும் மாறாத வேலை முன்பே முடிந்திருக்கும், ஆளுக்கு ஆள் மாறுவது கேட்ட பிறகுதான்.

உங்கள் செயலியில் பக்கத்தின் சட்டகம், எடை, அளவு, சிறிய படம் ஆகியவை முன்பே வரட்டும். பெரிய படம் தொட்ட பிறகு வரட்டும். முன்பே இறக்குவதும் விரல் உருட்டுவதை நிறுத்தியதும் திரையில் தெரிகிற இரண்டு மூன்று டிசைன்களுக்கு மட்டும் போதும். கணினியில் பார்க்கிறவர் என்றால் இன்னும் வசதி: இணைப்பின் மேல் மவுஸ் 200 மில்லி விநாடி நின்றாலே அந்தப் பக்கத்தைத் தயாரிக்கும்படி குரோம் பிரவுசரிடம் சொல்லிவைக்கலாம். பயன்பாட்டு எளிமையை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதிய அளவுகோல் இன்றும் கைகொடுக்கிறது: 0.1 விநாடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. நீங்கள் இரண்டில் நிற்கிறீர்கள்.

ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் அம்மா: அறையைப் பார்க்கிறவர் அடுத்து முன்பதிவுக்குத்தானே போகிறார்? அதையும் முன்கூட்டியே செய்துவைத்தால் என்ன சார்?

இந்த விஷயத்தில் நான் சூடுபட்டவன் அம்மா. ஒரு விடுதிக்காக நான் எழுதிய நிரல், அறைப் பக்கத்தைத் திறந்ததுமே அந்த அறையைப் பத்து நிமிடம் பிடித்துவைத்தது. கோடை விழா நேரத்து வார இறுதி. சும்மா பார்க்க வந்தவர்களே எல்லா அறைகளையும் பிடித்துக்கொண்டார்கள். ‘காலி இல்லை’ என்று திரையில் வந்துகொண்டே இருந்தது. வரவேற்பு மேசையிலோ பாதிச் சாவிகள் ஆணியிலேயே தொங்கின. உரிமையாளர் போனில் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பெரியவர்களும் இதில் வழுக்கியிருக்கிறார்கள். 2005இல் கூகுள் வெளியிட்ட வெப் ஆக்சிலரேட்டர் என்ற மென்பொருள், பக்கத்திலுள்ள இணைப்புகளைப் பயனர் தொடும் முன்பே போய்த் திறந்து பார்த்தது. சில இணையச் செயலிகளில் ‘அழி’ என்பதும் ஒரு சாதாரண இணைப்பாகவே இருந்தது. விளைவு, யாரும் தொடாமலே பதிவுகள் அழிந்தன. பிரவுசர் சர்வருக்கு அனுப்பும் கோரிக்கைகளில் கெட் என்ற வகை படிக்க மட்டும். எதையாவது மாற்றுவதென்றால் போஸ்ட் என்ற வகை. இந்த வரப்பை மதிக்காத செயலிக்காரர்கள் மேலும் தவறு உண்டு. ஆகவே அம்மா, முன்பதிவுப் படிவத்தைத் தயாராக வைத்திருங்கள். அறையைப் பிடிப்பது அவர் பட்டனை அழுத்திய பிறகு நடக்கட்டும்.

ஜவ்வரிசி வியாபாரி: எங்களுக்கு விலைதான் முக்கியம். அதை முன்பே எடுத்துவைக்கலாமா?

பக்கத்தை எடுத்துவையுங்கள், விலையை வேண்டாம். விலை நான்கைந்து எழுத்துகள்தான், கடைசி நொடியில் கேட்டாலும் ஓடி வந்துவிடும். பழைய விலையை வேகமாகக் காட்டி என்ன பயன்?

ஏற்காடு சாலையில் வாடகைக் கார் ஓட்டுபவர்: மலை ஏறும்போது சிக்னல் விட்டுவிட்டுத்தான் வருகிறது அண்ணா.

அடிவாரத்தில் சிக்னல் நன்றாக இருக்கும்போதே அன்றைய பயணங்களையும் வரைபடத்தையும் செயலி இறக்கிக்கொள்ள வேண்டும். 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி வேறெங்கும் திரும்பப்போவதில்லை. இவ்வளவு உறுதியான ஊகம் எங்கள் தொழிலில் அபூர்வம்! ஆனால் டேட்டா உங்கள் பணம். கைப்பேசியில் டேட்டா சேமிப்பு வசதி போடப்பட்டிருந்தால் செயலி சும்மா இருக்க வேண்டும்.

பொறியியல் மாணவி: விளையாட்டுகளில் அடுத்து எந்தப் பட்டனை அழுத்துவேன் என்று எப்படி ஊகிக்கிறார்கள் சார்?

ஒன்றை மட்டும் ஊகிக்க வேண்டியதில்லை அம்மா. மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2014இல் காட்டிய டெலோரியன் என்ற முறையில், விளையாட்டு சர்வரில் ஓடும்; நீ செய்யக்கூடிய சில செயல்களுக்கான காட்சிகளைச் சர்வர் முன்பே வரைந்து அனுப்பிவிடும். நீ அழுத்தியதற்குப் பொருந்துவதைக் கைக்கருவி எடுத்துக் காட்டும். 250 மில்லி விநாடி வரையிலான வலைத் தாமதத்தை இப்படி மறைத்தார்கள். பதிலுக்குக் கூடுதல் கணக்கீட்டு வேலையும் கூடுதல் டேட்டாவும் விலை. உன் மடிக்கணினியின் சிப்பே நாள் முழுக்க இப்படித்தான் ஊகித்து ஓடுகிறது. தவறான ஊகத்தை அது அழித்துவிடும். ஆனால் சிப்புக்குள் இருக்கும் கேஷ் என்ற சிறிய வேக நினைவகத்தில் சுவடு மிஞ்சும். அந்தச் சுவட்டைப் பிடித்து ரகசியத் தகவலை உருவலாம் என்று 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர் என்ற பாதுகாப்பு ஓட்டை காட்டியது.

மறுபடியும் கொலுசு வியாபாரி: எங்கள் சர்வர் மும்பையில் இருக்கிறது. அதைச் சேலத்துக்குக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடாதா?

கணக்குப் போடுவோம் அண்ணா. நேர்க்கோட்டில் மும்பை சுமார் 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர 10 மில்லி விநாடி. கேபிள் வளைந்து போகிறது என்று இரட்டித்து, இணைப்பு ஏற்படுத்த நான்கு முறை போய்வந்தாலும் 80தான். உங்கள் 2,000 மில்லி விநாடியில் மீதி எங்கே போகிறது? டிசைன்கள் இருக்கும் தரவுத்தளத்தில் இன்டெக்ஸ், அதாவது சட்டென்று தேடி எடுக்க உதவும் அட்டவணை, போட்டிருக்கிறார்களா என்று நாளைக் காலை உங்கள் ஆளிடம் கேளுங்கள். முன்தயாரிப்பை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.